பட்டறைப் பதில்கள்: கட்டைவிரல் பருமன் குண்டு டாங்கியை என்ன செய்யும்?

போர்வெல் மோட்டார் ஏன் அடிக்கடி காயில் எரிகிறது என்று இந்த மாதம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகிறது. போன இதழில் பேச்சுவாக்கில், நான் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் டாங்கி பிட்டராக இருந்தவன் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். பரதராமியில் என் பட்டறைக்கு வருகிறவர்களும் வெல்டிங் முடிகிற வரை இதையேதான் கேட்கிறார்கள். சித்தூர்ப் பக்கத்து லாரி டிரைவர்கள் தெலுங்கில் கேட்கிறார்கள், நம் பக்கத்தார் தமிழில் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சரி, இந்த மாதம் டாங்கியே இருக்கட்டும்.

கேள்வி: மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஆளைவிட நீளமான துப்பாக்கியால் டாங்கிகளைச் சுட்டார்கள் என்று படித்தேன். அதன் குண்டு கட்டைவிரல் பருமன்தான். உள்ளே வெடிமருந்தும் இல்லை. முப்பது, நாற்பது டன் இரும்பை அது என்ன செய்துவிடும்? ஓட்டை விழுந்தால் விழட்டுமே, வண்டி ஓடத்தானே செய்யும்?
(குடியாத்தத்திலிருந்து ஒரு மாணவர்)

தம்பி, உங்கள் கடைசி வரியில் பாதி நியாயம் இருக்கிறது. ஓட்டை விழுந்த டாங்கியெல்லாம் செத்த டாங்கி இல்லை. ஆனால் அந்த ஓட்டையை நீங்கள் வெளியே நின்று பார்க்கிறீர்கள். உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் பாடப்புத்தகக் கணக்கையே போட்டுவிடுவோம். ரஷ்யர்கள் 1941இல் கொண்டுவந்த பி.டி.ஆர்.டி. துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் நீளம், 14.5 மில்லிமீட்டர் குண்டு. குண்டின் எடை 64 கிராம், கோழிமுட்டை ஒன்றின் எடைதான். குழலை விட்டுக் கிளம்பும்போது வேகம் வினாடிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 32,000 ஜூல் வரும். ஒரு டன் எடையுள்ள லோடு வண்டி மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சுவரில் இடித்தால் என்ன ஆற்றலோ, அது. நாங்கள் தோளில் தூக்கிய எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக் குண்டைப்போலப் பத்து மடங்கு.

அதே குண்டு நம் பட்டாளத்தின் 39 டன் விஜயந்தா டாங்கி மேல் மோதினால் வண்டி அசையுமா? உந்தக் கணக்குப் போடுங்கள். வினாடிக்கு இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆக, இடித்துத் தள்ளுவது இதன் வேலை இல்லை. லோடு வண்டியின் மோதல் முழுவதையும் ஒரு கட்டைவிரல் நகத்தளவு இடத்தில், கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட ஆகாத பொழுதில் இறக்கி வைப்பதுதான் வேலை. அந்த இடத்தில் இருக்கிற இரும்பு எங்காவது போயாக வேண்டும் அல்லவா? எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், வடக்கே ஒரு சுடுதளத்தில் பழைய கவச வண்டியின் வெறுங்கூடு ஒன்று கிடந்தது. இலக்காக வைத்துச் சுட்டுச் சுட்டுச் சல்லடை ஆகியிருந்தது. எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவரை உஸ்தாத் என்போம். அவர் எங்களை வெளியே நிறுத்தி, ஒரு ஓட்டைக்குள் விரலை விடச் சொன்னார். டிரில் போட்ட மாதிரி வட்டமான ஓட்டை, கட்டைவிரல் கச்சிதமாகப் போனது. “இப்போது உள்ளே போய் அதே ஓட்டையைத் தேடு” என்றார். குனிந்து உள்ளே போனேன். அதே இடத்தில் டீ சாஸர் அகலத்துக்கு இரும்பு பெயர்ந்து, கிண்ணம் மாதிரி குழிந்து, ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக இருந்தது. எதிர்ச்சுவர் முழுக்க அம்மைத் தழும்பு. டிரைவர் சீட்டின் ரெக்ஸின் நார் நாராகக் கிழிந்து தொங்கியது. உஸ்தாத் அந்தச் சீட்டைக் கையால் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எல்லோரும் டீ குடிக்கப் போனோம்.

என்ன நடந்தது என்றால்: பவர் பிரஸ்ஸில் வாஷர் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பஞ்ச் இறங்கினால் தகட்டில் ஓட்டை, கீழே ஒரு பில்லை. கவசத் தகட்டிலும் பல சமயம் அப்படித்தான். குண்டு முழுசாக உள்ளே வருகிறதோ இல்லையோ, அதற்கு முன்னால் இருந்த இரும்பு பில்லையாக வெட்டுப்பட்டு உள்ளே பாயும். தகடு மெலிசாகவும் இளக்கமாகவும் இருந்தால் பில்லை விழாமல், வாழைப்பூ மடல் மாதிரி உள்பக்கமாக விரிந்துவிடும். அது பார்க்கத்தான் பயங்கரம், ஆள் பிழைப்பான். கெட்டித் தகடுதான் மோசம். குண்டு மோதிய அதிர்ச்சி அலையாகத் தகட்டுக்குள் ஓடி, மறுமுகத்தில் முட்டித் திரும்பும்போது அந்த முகத்து இரும்பை இழுத்துப் பிய்க்கும். நம் வீட்டில் ஆணி அடித்தால், பொதுச்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பூச்சு உதிர்ந்தது என்று சண்டைக்கு வருகிறாரே, அந்தக் கதைதான். குண்டு தகட்டைத் துளைக்காமல் நின்றுபோனாலும்கூட, துளைக்கும் தறுவாய் வரை வந்திருந்தால், உள்ளே பூச்சு உதிரும்.

கவசம் செய்கிறவனுக்கு இது தீராத தலைவலி. வெளிமுகம் கெட்டியாக இருந்தால்தான் குண்டின் மூக்கு உடையும். ஆனால் கெட்டி இரும்பு கண்ணாடிக் குணம், நொறுங்கும். இளக்கமான இரும்பு நொறுங்காது, ஆனால் குண்டை விட்டுவிடும். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்கு வாயில் மட்டும் துவைச்சல் கொடுத்து (காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கெட்டியாக்கி) முதுகை இளக்கமாக விடுகிற மாதிரி, வெளிமுகத்தை மட்டும் கடினமாக்கிய தகடுகளையும் அந்தக் காலத்தில் செய்து பார்த்தார்கள். ஜெர்மன்காரர்களின் பல டாங்கிகளில் அந்தத் தகடுதான்.

இப்படிப் பெயர்ந்து பறக்கிற துண்டுகளைப் பட்டறையில் சில்லு என்போம். சில்லு என்றால் என்ன என்பதை நான் டாங்கியில் கற்றுக்கொள்ளவில்லை, என் பட்டறையில்தான் கற்றுக்கொண்டேன். துருப்பிடித்த போல்ட் ஒன்றை வெட்ட, என்னிடம் வேலை பார்த்த பையன் உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தான். உளித்தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் மாதிரி பூத்திருந்தது. கவனிக்காதது என் தப்பு. நாலாவது அடியில் அவன் “ஸ்” என்றான். முன்கையில் ஒரு சிவப்புப் புள்ளி. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. மாலையில் கை வீங்கியபோது எக்ஸ்ரே எடுத்தால், தோலுக்குள் மூன்று விரற்கடை ஆழத்தில் ஒரு அரிசி மணி அளவு இரும்பு. சம்மட்டி அடிக்கே இந்தப் பாய்ச்சல் என்றால், வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்து அடிக்கு எவ்வளவு என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டாங்கிக்குள் வாருங்கள். உள்ளே காலி இடம் என்று ஒன்று கிடையாது. நான் டி-72க்குள் தலையை விட்டு வேலை செய்தவன். ஸ்பேனரைக் கால் சுற்றுத் திருப்பவே இடம் தேட வேண்டும். ஒரு பக்கம் பீரங்கி சுடுகிறவர், மறுபக்கம் கமாண்டர், அவர்கள் காலுக்கடியில் வட்டமாக 22 பீரங்கிக் குண்டுகளும் அவற்றின் மருந்தும். மிச்ச இடமெல்லாம் வயர், எண்ணெய்க் குழாய், ரேடியோ, கண்ணாடி. சில்லு எந்தப் பக்கம் பறந்தாலும் எதையாவது தொடாமல் போகாது. எதைத் தொட்டது என்பதைப் பொறுத்துத்தான் வண்டியின் விதி. சீட்டுக்கடியில் இருக்கும் ஸ்பானர் பெட்டியில் பட்டால் சத்தத்தோடு சரி. மருந்தில் பட்டால் கதை முடிந்தது.

அமெரிக்கர்களின் ஷெர்மன் டாங்கிக்குக் கொஞ்ச காலம் கெட்ட பெயர். கவசம் துளைபட்ட நூறு வண்டிகளில் 60 முதல் 80 வரை எரிந்துபோயின. பெட்ரோல் இஞ்சின்தான் காரணம் என்று எல்லோரும் அதன் மேல் பழியைப் போட்டார்கள். ஆராய்ந்து பார்த்தால் குற்றவாளி, பக்கவாட்டில் அடுக்கியிருந்த குண்டு மருந்து. 1944இல் குண்டுகளைத் தரைமட்டத்துக்கு இறக்கி, சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய உறை வைத்தார்கள். எரிகிற கணக்கு நூற்றுக்கு 10, 15 என்று இறங்கிவிட்டது. இஞ்சின் அப்போதும் பெட்ரோல்தான்! எந்தப் பட்டறையிலும் நடக்கிறதுதான் இது. கோளாறு ஒரு இடத்தில் இருக்கும், அடி இன்னொன்றுக்கு விழும்.

இனி உங்கள் பாதி நியாயத்துக்கு வருகிறேன். சின்னக் குண்டு தகட்டைத் துளைப்பதிலேயே தன் ஆற்றலில் பெரும்பகுதியைத் தொலைத்துவிடுகிறது. உள்ளே வரும்போது கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் சில்லு, அவ்வளவே. ஐந்து பேரில் ஒருவருக்குக் காயம், மற்ற நால்வரும் ஓட்டிக்கொண்டு போவார்கள். அதனால்தான் ரஷ்யர்கள் ஒரு துப்பாக்கியை நம்பாமல் பல துப்பாக்கிகளைச் சேர்த்து ஒரே டாங்கியைச் சுட்டார்கள். பார்க்கிற கண்ணாடியைக் குறிவைத்தார்கள். கண்ணாடி விரிசல் விட்டால் உள்ளே இருக்கிறவனுக்கு வெளியே நடப்பது தெரியாது, தலையை வெளியே நீட்ட வேண்டியதுதான். டாங்கியை உடைக்க முடியாவிட்டால் குருடாக்கு என்கிற கணக்கு.

துளைக்காமலேகூடக் காயம் உண்டு. டாங்கி முதன்முதலாகப் போருக்கு வந்தது 1916 செப்டம்பர் 15, பிரான்சில் சோம் நதிப் பக்கம், ஆங்கிலேயருடையது. தகட்டின் இடுக்கிலும் பார்வைத் துவாரத்திலும் சாதாரணத் துப்பாக்கிக் குண்டு பட்டால் ஈயம் பொடியாகத் தெறித்து உள்ளே வந்தது. அதற்காக உள்ளே இருந்தவர்களுக்குத் தோல் முகமூடி கொடுத்தார்கள். கண்ணுக்கு இரும்புச் சட்டம், வாய்க்குக் கீழே சங்கிலி வலை. அந்தச் சூட்டில், அந்தப் புகையில், அதை மாட்டிக்கொண்டு எட்டுப் பேர் எப்படித்தான் வேலை செய்தார்களோ.

ரிவெட் அடித்த டாங்கிகளில் இன்னொரு ஆபத்து. வெளியே ரிவெட் தலையில் குண்டு பட்டால் தலை வெளியே தெறிக்கும், உள்ளே இருக்கிற வால் துண்டு தனியாக ஒரு குண்டாகவே கிளம்பும். எதிரி சுட்டது ஒன்று, நம் வண்டி நம்மையே சுட்டது இன்னொன்று. எம்-3 வகையான லீ, கிராண்ட் டாங்கிகளில் பெரும்பாலானவை ரிவெட் அடித்தவை. பர்மாப் போரில் நம் பக்கமும் அவை ஓடின. பிறகு எல்லாரும் வெல்டிங்குக்கு மாறினார்கள். வெல்டர் என்கிற முறையில் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் மீசை துடிக்கும், மன்னிக்கவும்.

கேள்வி: துப்பாக்கிக் குண்டுக்குள் கண்ணீர்ப் புகை வைத்து டாங்கியைச் சுட்டார்களாமே? இன்னொரு நாட்டுக்காரர்கள் வெறும் ஈயக் குண்டால் கவசத்தைத் துளைத்தார்களாம். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
(பலமநேரிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியை)

பிள்ளைகள் சிரிக்கட்டும் டீச்சரம்மா, இரண்டும் நிஜம்.

கண்ணீர்ப் புகை ஜெர்மன்காரர்கள் வேலை. அவர்களுடைய 7.92 மில்லிமீட்டர் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியின் குண்டில், டங்ஸ்டன் கார்பைடு முனைக்குப் பின்னால் ஒரு பொட்டு கண்ணீர்ப் புகை மருந்து. ஓட்டை வழியாக அது உள்ளே போய், ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள் என்று திட்டம். அடிபட்ட டாங்கிக்காரர்கள் அப்படி ஒன்று இருந்ததையே உணரவில்லை. கைப்பற்றிய குண்டுகளைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எதிரிக்கே தெரிந்தது. நம் வீட்டில் காய்ந்த மிளகாய் தாளிக்கிற நெடிகூட அதில் இருந்திருக்காது.

ஈயக் குண்டு போலந்துக்காரர்களுடையது, 1935 மாடல். இதுவும் 7.92 மில்லிமீட்டர்தான், ஆனால் வேகம் வினாடிக்கு சுமார் 1,275 மீட்டர். கடினமான முனை எதுவும் கிடையாது. அவ்வளவு வேகத்தில் ஈயம் மெத்தென்று இருப்பதில்லை. தகட்டில் பட்டுப் பரந்து, தன்னைவிடப் பெரிய வட்டத்தில் அழுத்தி, ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அகலப் பில்லையை வெட்டி உள்ளே தள்ளும். மேலே சொன்ன பவர் பிரஸ் கதைதான், பஞ்ச் மட்டும் ஈயத்தில். அந்தப் பில்லை உள்ளே சுவருக்குச் சுவர் மோதித் திரியும். மெழுகுவர்த்தியைத் துப்பாக்கியில் வைத்துச் சுட்டால் பலகையைத் துளைக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், அதற்கும் சிரிப்பார்கள். அதுவும் நிஜம்.

இந்தத் துப்பாக்கியை அவர்கள் எவ்வளவு ரகசியமாக வைத்திருந்தார்கள் என்றால், உருகுவே நாட்டுக்கு ஏற்றுமதி செய்வதற்காகச் செய்வது போலக் கதை கட்டி, ‘உர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1939இல் சண்டை வந்தபோது ரகசியம் காத்தது போதும் என்று அவசரமாகப் பெட்டிகளைத் திறக்க வேண்டியதாயிற்று. மெல்லிய கவச டாங்கிகளிடம் அது நன்றாகவே வேலை செய்தது. கவசம் தடித்ததும் ஈயத்தின் வித்தை முடிந்தது.

கேள்வி: எங்கள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவில் இருந்தவர். “ஜப்பான்காரன் டாங்கி மேலே நம்ம ஆளுங்க சுட்ட குண்டு இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடுச்சு, அது பாட்டுக்கு வந்துகிட்டே இருந்துச்சு” என்று சொல்வார். கதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நடந்திருக்குமா?
(சித்தூரிலிருந்து ஒரு மாங்காய் மண்டிக்காரர்)

அண்ணே, தாத்தா சொன்னது கதை இல்லை. 1942 ஜனவரி 18, முவார் பக்கத்தில் பக்ரி என்கிற இடம். 45ஆவது இந்தியப் படைப்பிரிவு அங்கேதான் அடிபட்டுக்கொண்டிருந்தது. துணைக்கு வந்த ஆஸ்திரேலியர்கள் சாலையோரம் இரண்டு பவுண்டர் பீரங்கிகளை நிறுத்தியிருந்தார்கள். 40 மில்லிமீட்டர் வாய் கொண்ட சின்னப் பீரங்கி அது. ஜப்பானியரின் டைப் 95 டாங்கிகள் சாலையோடு வந்தன. ஏழு டன் சொச்சம், மூன்று பேர், அதிகபட்சக் கவசமே 12 மில்லிமீட்டர். கவசம் துளைக்கும் கெட்டிக் குண்டை முதலில் சுட்டார்கள். தாத்தா சொன்ன மாதிரியே இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறியது. வண்டி வந்துகொண்டிருந்தது. உடனே வெடிகுண்டு வகைக்கு மாற்றிச் சுட்டார்கள். அன்றைக்கு ஒன்பது டாங்கிகள் அங்கேயே நின்றன.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? குடியாத்தத்துத் தம்பிக்கு நான் சொன்னது, தடித்த கவசத்தில் சின்னக் குண்டு போராடி நுழைந்து, சில்லை உண்டாக்குகிற கதை. இங்கே தகடு காகிதம் மாதிரி. பெரிய ஆணியால் அட்டைப்பெட்டியைக் குத்தினால் ஓட்டை விழும், பெட்டி கிழியாது. தகடு எதிர்த்தால்தான் குண்டு தன் ஆற்றலை அங்கே விட்டுப் போகும். எதிர்க்காவிட்டால் ஆற்றலையும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடும். நடுவில் இஞ்சினோ ஆளோ இருந்தால் ஒழிய, உள்ளே ஒன்றும் ஆகாது.

இதற்கு மாற்றாகப் பல நாடுகள், கவசம் துளைக்கும் குண்டின் வயிற்றில் கொஞ்சம் வெடிமருந்து வைத்து, நுழைந்த பிறகு வெடிக்கிற மாதிரி செய்தன. ஆங்கிலேயர் இரண்டு பவுண்டருக்குக் கெட்டிக் குண்டையே நம்பினார்கள். துளைக்கிற திறமை குறையாது, ஆனால் உள்ளே போய் என்ன செய்யும் என்பது அதிர்ஷ்டம். பீரங்கி சின்னதாகவே இருந்து கவசம் மட்டும் தடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மன்காரர்களின் 37 மில்லிமீட்டர் பீரங்கி சாட்சி. 1941இல் ரஷ்யாவின் டி-34 மேல் அதன் குண்டு பட்டுப் பட்டுத் தெறித்தது. அதைச் சுட்ட சிப்பாய்களே அதற்குக் ‘கதவைத் தட்டுகிற கருவி’ என்று பெயர் வைத்தார்கள். பட்டாளத்துக்காரன் கிண்டல் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

தாத்தா படத்துக்கு ஒரு மாலை கூடுதலாகப் போடுங்கள்.

கேள்வி: பழைய ஜெர்மன் டாங்கிப் படங்களில் பக்கவாட்டில் தட்டி மாதிரி மெல்லிய தகடு தொங்குகிறது. உள்ளே 30 மில்லிமீட்டர் இரும்பு இருக்கும்போது வெளியே 5 மில்லிமீட்டர் தகடு எதற்கு?
(காட்பாடி வாசகர்)

ராக்கெட்டைத் தடுக்க என்று பல பேர் எழுதுகிறார்கள். 1943இல் மாட்டத் தொடங்கியபோது காரணம், மேலே சொன்ன ரஷ்யத் துப்பாக்கிதான். 14.5 குண்டு நூறு மீட்டருக்குள் 35, 40 மில்லிமீட்டர் இரும்பைத் துளைத்தது. ஜெர்மன் டாங்கியின் விலாவோ 30தான். தடித்த கவசம் போட்டால் எடை தாங்காது. ஆகவே ஒரு சாண், இரண்டு சாண் தள்ளி மெல்லிய தகட்டைத் தொங்கவிட்டார்கள். அது குண்டை நிறுத்தாது. ஆனால் நேராக வருகிற குண்டு அதைத் துளைக்கும்போது கொஞ்சம் சாய்ந்துவிடும், அல்லது அதன் மூக்கு சேதமாகும். சாய்ந்த ஆணியைச் சுத்தியால் அடித்தால் என்ன ஆகிறது? வளைகிறது, இறங்குவதில்லை. அவ்வளவு எளிய யோசனை, நன்றாக வேலை செய்தது.

இப்போது உள்பக்கத்துக்கும் ஒரு தட்டி போடுகிறார்கள். கெவ்லார் மாதிரி நார்த் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, உள்சுவர் முழுக்கப் பதிப்பது. ஓட்டை விழுவதை அது தடுக்காது. விரிந்து பறக்கிற சில்லுகளில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். நான் வேலை செய்த டி-72க்குள் அணுக்கதிருக்காக ஒரு மெத்தைப் பதிப்பு உண்டு. சில்லையும் அது கொஞ்சம் பிடிக்கும். அதைக் கழற்றி மாட்டுவது எங்களுக்குப் பெரிய தொல்லை, திட்டாத பிட்டரே கிடையாது. எதற்கு அது என்று தெரிந்த பிறகு நான் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன்.

கேள்வி: அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் இப்போது மியூசியத்தில்தானே? 1965 போரில் அப்துல் ஹமீது பேட்டன் டாங்கிகளை அடித்ததும் இந்த மாதிரிக் குண்டாலா?
(ஆம்பூர் வாசகர்)

இல்லை ஐயா, அது வேறு ஜாதி. கெம்கரன் பகுதியில் அப்துல் ஹமீது ஜீப்பில் வைத்துச் சுட்டது 106 மில்லிமீட்டர் ஆர்.சி.எல்., அதாவது பின்னுதைப்பு இல்லாத பீரங்கி. அந்தக் குண்டு வேகத்தை நம்பி வருவதில்லை, தகட்டில் பட்டதும் தன் வெடிமருந்தால் வேலை செய்வது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

வேகத்தை நம்புகிற சின்னத் துப்பாக்கி, டாங்கியிடம் 1943க்குள் தோற்றுவிட்டது. ஆனால் மியூசியத்துக்குப் போகவில்லை. மெல்லிய கவச வண்டி, ரேடார், நிறுத்திய விமானம், லாரி இஞ்சின் என்று வேறு வேலை கிடைத்துவிட்டது. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் ‘வித்வம்சக்’ என்று ஒன்று செய்கிறார்கள். குழல் மாற்றி 12.7, 14.5, 20 என மூன்று அளவிலும் சுடலாம். நடுவில் இருக்கிற 14.5ஐப் பாருங்கள், அதே 1941ஆம் வருஷத்து ரஷ்யத் தோட்டா. இன்றைக்கும் நேட்டோ நாடுகள் கவச வண்டிகளைத் தரம் பிரிக்கும்போது, நாலாவது தரம் என்றால் 200 மீட்டரிலிருந்து வரும் இந்த 14.5 குண்டைத் தாங்க வேண்டும். எண்பது வருஷத்துக்கு முந்தைய தோட்டா இன்னும் அளவுகோலாக இருக்கிறது.

குண்டின் முனைதான் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. உங்கள் ஊரில் போர்வெல் வண்டி நிற்கும்போது அதன் பிட்டைப் பாருங்கள். முகத்தில் குமிழ் குமிழாக வைத்திருப்பது டங்ஸ்டன் கார்பைடு. இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், கருங்கல்லையே பொடியாக்கும். அதே பொருளைத்தான் குண்டின் நடுவில் வைத்தார்கள். சின்ன இடத்தில் நிறைய கனம், உடையாத முனை. போர்க்காலத்தில் ஜெர்மனிக்கு டங்ஸ்டன் தட்டுப்பாடு, குண்டில் வைப்பதா தொழிற்சாலை வெட்டுக்கருவியில் வைப்பதா என்று திண்டாடினார்கள். வெட்டுக்கருவி ஜெயித்தது. லேத் ஓட்டுகிறவன் என்கிற முறையில் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. இன்று பெரிய டாங்கிப் பீரங்கிகள் சுடுகிற நீண்ட அம்பு மாதிரிக் குண்டுக்கு டங்ஸ்டன் கலவைக் கம்பி செய்கிற தொழிற்சாலையும் திருச்சியில்தான் இருக்கிறது. ஆனால் அது சின்னக் குண்டு இல்லை, ஆகவே இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: டாங்கியெல்லாம் இருக்கட்டும். என் உளிகளின் தலை பூத்துப் போயிருக்கிறது. தலையை வெட்டி எறிவதா, அப்படியே ஓட்டலாமா? புதுசு வாங்கச் சொல்லாதீர்கள்.
(பேரணாம்பட்டிலிருந்து ஒரு தச்சுப் பட்டறைக்காரர்)

வாங்க வேண்டாம். அப்படியே ஓட்டவும் வேண்டாம். பூத்த விளிம்பை கிரைண்டரில் வைத்து முழுக்கத் தேய்த்துவிட்டு, ஓரத்தைச் சுற்றிலும் லேசாகச் சாய்த்துவிடுங்கள். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள், சூடு வாய்ப்பக்கம் ஏறினால் கூர் நிற்காது. தலைக்குத் துவைச்சல் கொடுக்கவே கூடாது, தலை இளக்கமாகத்தான் இருக்க வேண்டும். கிரைண்டருக்கு முன்னால் நிற்கும்போதும், சம்மட்டி எடுக்கும்போதும் கண்ணாடி போடுங்கள். என்னிடம் இருந்த பையன் இப்போது சித்தூரில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். போன வாரம் வந்திருந்தான். வந்ததும் என்னோடு பேசுவதற்கு முன்னால் என் உளிப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தலையைத் தடவிப் பார்த்தான். இரண்டை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் டீ குடித்தான்.